மார்பில் ஒரு கட்டி: வீட்டில் எப்படிச் சொல்வது?

ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து கீழே சேலத்துக்கு வந்து, விடுதியில் தங்கிப் பதினோராம் வகுப்பு படிக்கும் 15 வயது மாணவர் ஒருவர், மருத்துவரான எனக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஒன்பதாம் வகுப்பின் கடைசியில் அவருடைய இடது மார்புக் காம்புக்கு அடியில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. சில மாதங்களில் வலது பக்கமும் வந்துவிட்டது. சட்டை உரசினாலே வலிக்கிறது. ஊரில் இருந்தவரை பனியும் குளிரும் துணையாக இருந்ததால், எல்லோரையும் போல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். சேலத்து வெயிலில் ஸ்வெட்டர் போட வழியில்லை. எனவே அம்மாவின் பழைய புடவையைக் கிழித்து மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் இரண்டு பனியன் போட்டுக்கொள்கிறார். விடுதித் தொட்டியில் மற்றவர்கள் குளிக்க வருவதற்கு முன்பே, விடியற்காலை 4 மணிக்கு எழுந்து குளித்துவிடுகிறார். இதைக் கண்டுகொண்ட மேல் வகுப்பு மாணவர்கள் இருவர், போகும்போதும் வரும்போதும் மார்பில் கிள்ளுகிறார்கள். பொங்கல் விடுமுறையில் உறவினர் தோட்டத்துக் கிணற்றடியில், பத்துப் பேர் பார்த்திருக்க, "என்னடா இது, பொம்பளப் புள்ள மாதிரி? நாலு தண்டால் எடு" என்று அப்பா சொன்னதை அவரால் மறக்க முடியவில்லை.

பருவத்தில் காபிப் பழம் பறித்துச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் 1,800 ரூபாயைக் கொடுத்து, விளம்பரத்தில் பார்த்த ஒரு வைத்தியரிடம் லேகியம் வாங்கியிருக்கிறார். லாட்ஜ் அறையில் முகாம் போட்டிருந்த அந்த மனிதர், சட்டையைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், "கெட்ட பழக்கத்தால் வந்தது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இது புற்றுநோயா, பிராய்லர் கோழி தின்றதால் வந்ததா, தான் பெண்ணாக மாறிக்கொண்டிருக்கிறாரா என்று வரிசையாகக் கேட்கும் கடிதம், இரண்டு வேண்டுகோள்களோடு முடிகிறது. கைப்பேசியில் பார்த்த 'ஒரே நாளில் ஆபரேஷன்' விளம்பரத்தை நம்பலாமா என்று சொல்ல வேண்டுமாம். அதை வீட்டுக்குத் தெரியாமல் செய்துகொள்ள வழி காட்டவும் வேண்டுமாம். கடைசி வரி: "வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது."

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லை மூன்று முறை அடித்துத் திருத்தியிருக்கிறீர்கள். 'மார்பு' என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். 'நெஞ்சு' என்று எழுதி அதையும் அடித்திருக்கிறீர்கள். பிறகு 'உடம்பு', அதுவும் வேண்டாமென்று கடைசியில் 'அந்த இடம்'. மற்ற பக்கங்கள் முழுவதும் 'அந்த இடம்' என்றே போகிறது. உங்களை வாட்டும் சிரமத்தில் பாதி அந்த அடித்தல்களில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மார்பு என்பது ஆணுக்கும் உரிய சொல்தான். நம்முடைய பழைய பாடல்களில் சந்தனம் பூசிய மார்பு, மாலை அணிந்த மார்பு என்றெல்லாம் பெரும்பாலும் பேசப்படுவது வீரர்களுடைய மார்பே. இந்தச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பின்னால் நான் சொல்லப்போகும் காரியத்துக்கு அது தேவைப்படும்.

முதலில் உங்கள் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு இருப்பது பருவ வயதில் ஆண் பிள்ளைகளுக்கு வரும் மார்பு வீக்கம். மருத்துவத்தில் இதைக் கைனகோமாஸ்டியா என்று சொல்கிறோம். பெயர்தான் அச்சுறுத்துகிறது. வளரும் ஆண் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இது வந்து போகிறது. உங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால், அவர்களில் பலர் உங்களைப் போலவே யாரிடமும் சொல்லாமல் இதைக் கடந்திருப்பார்கள், அல்லது இப்போது கடந்துகொண்டிருப்பார்கள்.

இது எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் பெருமளவு குறையும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பு மட்டும் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். எல்லா ஆண்களின் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜென் என்ற சுரப்பும் சிறிதளவு இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியே உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜெனாக மாறுகிறது. அதுபோலவே, பிறந்த நாள் முதல் எல்லா ஆண்களுக்கும் காம்புக்குப் பின்னால் மிகச் சிறிய சுரப்பித் திசு உண்டு. பருவம் தொடங்கும் ஆண்டுகளில் டெஸ்டோஸ்டிரோன் இன்னும் முழு அளவை எட்டாதிருக்கும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் சில காலத்துக்கு ஈஸ்ட்ரோஜென் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அந்தச் சாய்வுக்குத் திசு வீங்குகிறது, தொட்டால் வலிக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் உயர உயர விகிதம் நேராகிறது, வீக்கமும் வடிகிறது. பெரும்பாலும் 12 முதல் 14 வயதுக்குள் தொடங்கி, ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகள்வரை இருந்துவிட்டு, 17 வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே மறைந்துவிடும். குரல் உடைந்துவிட்டது, மீசை அரும்புகிறது என்று மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குரலை உடைத்த அதே மாற்றத்தின் இன்னொரு விளைவுதான் இது. நீங்கள் பெண்ணாக மாறவில்லை, தம்பி. ஆணாக வளர்ந்துகொண்டிருக்கும்போது நடுவழியில் வரும் ஒரு கட்டத்தில் இருக்கிறீர்கள்.

கோழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாமக்கல் முட்டையையும் பல்லடம் பக்கத்துக் கறிக்கோழியையும் தின்று வளரும் நம் பகுதியில், பிள்ளைகளின் உடம்பில் வரும் எல்லா மாற்றத்துக்கும் "கோழிக்கு ஊசி போடுகிறார்கள்" என்பதே விடையாகிவிட்டது. பிராய்லர் கோழி வேகமாக வளர்வதற்குக் காரணம் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும் தீவனமும்தான். அதற்கு ஹார்மோன் ஊசி போடுவதில்லை. கோழிக்கறியால் உங்களுக்கு இது வரவில்லை. லாட்ஜில் அந்த மனிதர் சொன்ன 'கெட்ட பழக்கம்' என்பதும் முழுப் பொய். சுய இன்பத்தைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார், அது இதை உண்டாக்குவதில்லை. பிள்ளைகளிடம் குற்ற உணர்வை விதைத்தால்தான் அவர்கள் வீட்டில் வாய் திறக்காமல் பணத்தை எடுத்து நீட்டுவார்கள் என்பதை அறிந்து செய்யப்படும் வியாபாரம் அது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரில் மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில், இப்படிப்பட்ட விளம்பரங்களோடு சேலத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது. ஆண்மையைக் கூட்டித் தருவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள்.

அப்பா சொன்ன தண்டாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடல் பருமனால் மார்பில் கொழுப்பு சேர்ந்திருப்பவர்களுக்கு உணவும் ஓட்டமும் பயன் தரும். உங்கள் எடை 47 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். காம்புக்கு நேர் அடியில் ரப்பர் வில்லை போலக் கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்றும் சொல்கிறீர்கள். அது சுரப்பித் திசு. தண்டால் எடுத்தால் கரையாது. உடம்புக்கு நல்லது என்பதற்காக எடுங்கள், இதற்காக எடுக்க வேண்டாம். ஜிம்மில் யாராவது 'மாஸ்' ஏற்றுவதற்கென்று மாத்திரையோ ஊசியோ கொடுத்தால் தொடாதீர்கள். அவற்றில் பலவும் ஸ்டீராய்டு. அவையே மார்பு வீக்கத்தை உண்டாக்கும்.

எப்போது தாமதிக்கக் கூடாது

15 வயதுப் பையனுக்கு மார்பில் புற்றுநோய் வருவது மிக மிக அரிது. ஆனாலும் நான் உங்களைப் பார்க்காமல், கடிதத்தை மட்டும் வைத்துப் பேசுகிறேன் என்பதை மறக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கல் போலக் கெட்டியாகி, காம்பைவிட்டு விலகி ஓரமாகக் கட்டி இருந்தாலோ, காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிந்தாலோ, தோல் உள்ளே இழுத்துக்கொண்டாலோ, குறுகிய காலத்தில் வேகமாகப் பெரிதானாலோ, விரையில் கட்டியோ வீக்கமோ இருந்தாலோ, அடிக்கடி தலைவலியோடு பார்வை மங்கினாலோ, அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு, கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளும், பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பதும், சில மருந்துகளும்கூட இதற்குக் காரணமாகலாம். உங்கள் கடிதத்தில் அப்படிப்பட்ட அறிகுறி எதுவும் தென்படவில்லை. இருந்தும் கட்டி வந்து ஒன்றரை ஆண்டு நெருங்குகிறது, வலி இருக்கிறது, பெயர் தெரியாத லேகியம் வேறு உள்ளே போயிருக்கிறது. எனவே நேரில் ஒருமுறை காட்டத்தான் வேண்டும்.

அந்த ஆபரேஷன்

வீட்டுக்குத் தெரியாமல் செய்துகொள்ள முடியுமா என்பதற்கு என் பதில்: முடியாது, முடிந்தாலும் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு அறுவை சிகிச்சை செய்யப் பெற்றோர் அல்லது காப்பாளரின் கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், வேறு எதையெல்லாம் அவர் விதியை மீறிச் செய்கிறாரோ என்றுதான் நீங்கள் பயப்பட வேண்டும். சட்டம் இருக்கட்டும். மருத்துவக் காரணமே அதைவிடப் பெரியது. வளர்ச்சி முடியாதபோது திசுவை எடுத்தால் மறுபடியும் வளர வாய்ப்பிருக்கிறது. தானாக வடியப்போகும் ஒன்றுக்காக மயக்க மருந்தும் தழும்பும் எதற்கு? இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் வடியாமல், பருவ வளர்ச்சியும் முடிந்து, மனத்தையும் வருத்திக்கொண்டிருந்தால், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் சிறு கீறல் போட்டுத் திசுவை எடுத்துவிடலாம். அது நல்ல சிகிச்சைதான். அந்தக் காலம் உங்களுக்கு இன்னும் வரவில்லை, பெரும்பாலும் வராமலே போகும்.

வீட்டில் சொல்வது

"வீட்டில் யாருக்கும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. மே மாதம் புதுச் சீருடைக்கு அளவு கொடுக்கப் போனபோது, "வளர்ற பையன், மேல கொஞ்சம் லூசாவே தெச்சுடுங்க" என்று அம்மா தையல்காரரிடம் சொன்னதையும், காலர் கழுத்தில் தொங்குகிறது என்று நண்பர்கள் கேலி செய்ததையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் பழைய புடவைத் துணியும் அம்மாவின் பெட்டியிலிருந்துதானே போயிருக்கிறது? தம்பி, என் அனுபவத்தில், அம்மாவுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். என்ன பேசுவது, எப்படிப் பேசுவது, வயது வந்த மகனிடம் கேட்டால் கூசிப்போவானோ என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த வழியில், சட்டையை இரண்டு அங்குலம் அகலமாக்கி உங்களைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் திறக்க வேண்டிய கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எனவே அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். வலியிலிருந்து தொடங்குங்கள். நம் வீடுகளில் உருவத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கேலியோ அறிவுரையோ வரும். வலிக்கிறது என்று சொன்னால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். வலி என்ற சொல்லுக்கு நம் குடும்பங்களில் அத்தனை மரியாதை உண்டு, அதை நீங்கள் பயன்படுத்திக்கொள்வதில் தவறே இல்லை, ஏனென்றால் உங்களுக்கு உண்மையிலேயே வலிக்கிறது. சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அம்மா, எனக்கு மார்புல ரெண்டு பக்கமும் கட்டி மாதிரி இருக்கு. சட்டை பட்டாலே வலிக்குது. டாக்டர்கிட்ட காட்டணும். அப்பாகிட்ட நீயே சொல்லிடு." விடுதி, கிணற்றடி, லேகியம் என்று முழுக் கதையையும் அன்றைக்கே சொல்லித் தீர வேண்டியதில்லை. இந்த நான்கு வாக்கியங்கள் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கூச்சத்தில் 'மார்பு' என்பதை மாற்றி 'நெஞ்சு வலி' என்று சொல்லிவிடாதீர்கள். நம் பேச்சில் நெஞ்சு வலி என்றால் இதயம். அம்மா பதறிப்போவார்; மருத்துவமனையில் சீட்டுப் போடுமிடத்தில் சொன்னால் அவசரப் பிரிவுக்கு அனுப்பி ஈ.சி.ஜி. எடுப்பார்கள். அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் "ஒன்றுமில்லை, வாயு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இப்படி ஒரு மாணவர் மூன்று முறை ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்ட பிறகு என்னிடம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். 'மார்பில் கட்டி' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால், முகம் பார்க்காமல் சொல்லலாம். சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது அம்மா துணைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்வரை பேருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். இருவருமே சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பேசலாம். வீட்டில் சமையற்கட்டில் முதுகு காட்டி வேலை செய்துகொண்டிருக்கும் அம்மாவிடம் சொல்வதும் எளிது. எதுவும் முடியவில்லையென்றால் ஒரு நோட்டுத் தாளில் அந்த நான்கு வாக்கியங்களை எழுதி, ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குக் கிளம்பும்போது கையில் கொடுத்துவிடுங்கள். எனக்கு நான்கு பக்கம் எழுதியவருக்கு அம்மாவுக்கு நான்கு வரி எழுதுவது முடியாத காரியம் இல்லை. வீட்டில் விருந்தினர் இருக்கும்போதும், அப்பா தோட்டத்திலிருந்து களைத்து வந்த நேரத்திலும் வேண்டாம்.

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் கோபத்தைவிடக் காயம்தான் அதிகம் தெரிகிறது. பத்துப் பேர் முன்னால் அவர் அப்படிச் சொன்னது தவறு. அதை நான் சரிக்கட்டப் போவதில்லை. ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, "அப்பா என்னை அசிங்கமாக நினைக்கிறார்" என்று நீங்கள் முடிவு செய்வதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உங்களைப் போன்ற ஒரு பையனை அழைத்துக்கொண்டு அவனுடைய அப்பா என் அறைக்கு வந்தார். நான் படம் வரைந்து விளக்கி முடிக்கும்வரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர், பையன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனதும், "எனக்கும் இந்த வயசுல இருந்துச்சுங்க. எங்கப்பாகிட்ட நான் சொல்லவே இல்லைங்க" என்றார். பாதிப் பேருக்கு வரும் ஒன்று அப்பாக்களில் பாதிப் பேருக்கும் வந்திருக்கத்தானே வேண்டும்? உங்கள் அப்பா அந்தப் பாதியில் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. என்னவென்று தெரியாததால் பயந்து, அந்தப் பயத்தை அதட்டலாகக் காட்டியிருக்கக்கூடும் என்று மட்டும் சொல்வேன்.

அம்மாவிடம் சொல்லியும் "எல்லாம் சரியாப் போயிடும், படிக்கிற வேலையைப் பாரு" என்று தட்டிக்கழித்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து அதே நான்கு வாக்கியங்களை மறுபடி சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் தாய்மாமனிடம் போங்கள். அம்மாவிடமும் பேசக்கூடிய, அப்பாவிடமும் உரிமையோடு சொல்லக்கூடிய ஒரே ஆள் நம் குடும்பங்களில் அவர்தான், உங்கள் மாமா சேலத்திலேயே இருப்பதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். அதுவும் வேண்டாமென்றால் 104 என்ற எண்ணுக்கு அழைத்து, அரசு மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்காக 2014ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் உங்கள் வயதினருக்கென்றே ஆலோசனை மையங்களும் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன.

மருத்துவமனையில் என்ன நடக்கும்

என்ன செய்வார்களோ என்ற பயம்தான் பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளியாகப் பார்க்கப் பணம் தேவையில்லை. உங்கள் சேமிப்பைத் தொட வேண்டாம். முதலில் உயரமும் எடையும் பார்ப்பார்கள். பிறகு கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொல்லி, கைகளைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு ஓரத்திலிருந்தும் மெல்ல நகர்த்தி, காம்புக்கு அடியில் வில்லை போல ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். கழுத்தில் தைராய்டையும் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பார்கள். விரைகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏன் என்று நீங்கள் கேட்கலாம், அவர்கள் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அம்மா திரைக்கு வெளியே இருக்கலாம். ஆண் மருத்துவர் வேண்டுமென்று கேட்பதிலும் தவறில்லை. பெரும்பாலானவர்களுக்கு இதற்கு மேல் எந்தப் பரிசோதனையும் தேவைப்படாது. ஐயமிருந்தால் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்வதுதான் வழக்கமான சிகிச்சை.

"ஐந்து நிமிடம் டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. லேகியத்தைப் பற்றி அப்போது சொல்லுங்கள். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலும் இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் எந்த மருத்துவரும் உங்களுக்கு ரகசியத்தை உறுதியளிக்க முடியாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அந்த இரண்டு மேல் வகுப்பு மாணவர்களைப் பற்றியது அது. "விளையாட்டுக்குத்தான் கிள்ளுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு வலிப்பதும், நீங்கள் விரும்பாததும் தெரிந்தே திரும்பத் திரும்பச் செய்வது விளையாட்டாகாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பெண் பிள்ளைகளுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். 18 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், ஆண் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். பாலியல் எண்ணத்தோடு ஒரு பிள்ளையைத் தொட்டிருக்கிறார்கள் என்று தெரியவந்தால், மருத்துவரோ ஆசிரியரோ அதைக் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதை நினைத்துப் பயந்து மறைத்துவிடாதீர்கள். முதலில் அம்மாவிடமோ மாமாவிடமோ சொல்லி, அவர்களைக் கூட்டிக்கொண்டு விடுதிக் காப்பாளரைப் பாருங்கள். காப்பாளர் அலட்சியம் செய்தால் 1098 என்ற எண்ணுக்கு நீங்களே அழைக்கலாம். விடுதியைவிட்டு ஓடிவிடலாமா என்று சில இரவுகளில் தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படித் தோன்றும் இரவில் 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசுவார்கள். அந்த எண்ணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிலை வீட்டில் காட்ட விரும்பினால், உங்கள் பெற்றோருக்கு நான் சொல்வது இது: ஐயா, அம்மா, உங்கள் மகனுக்கு வந்திருப்பது பெரும்பாலும் தானாகவே சரியாகும் ஒன்று. அவர் யாருக்கும் எந்தத் தவறும் செய்யவில்லை. அவரை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதைப் பற்றி உறவினர்களிடம் பேச வேண்டாம், அவர் முன்னால் வேடிக்கையாகவும் பேச வேண்டாம். எவ்வளவு நாளாக மறைத்தாய் என்று கேட்காமல், எவ்வளவு நாளாக வலிக்கிறது என்று கேளுங்கள்.

இனி, சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் நீங்கள் செய்ய வேண்டியவை. மார்பைச் சுற்றியிருக்கும் துணியை இன்றிரவே அவிழ்த்துவிடுங்கள். இறுக்கிக் கட்டுவதால் கட்டி அடங்காது, வலியும் வேர்க்குருவும் புண்ணும்தான் மிஞ்சும், மூச்சும் முட்டும். அளவான ஒரு பனியனும், சீருடை இல்லாத நேரத்தில் அணிய அடர்ந்த நிறச் சட்டையும் போதும். கட்டியை அடிக்கடி அழுத்திப் பார்ப்பதையும் நிறுத்துங்கள், அழுத்த அழுத்த வலி கூடும். லேகியத்தை இனி வாயில் வைக்க வேண்டாம். ஆனால் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாமல், அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டோடு அப்படியே ஒரு பையில் போட்டு வைத்து, மருத்துவரிடம் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.